துண்டுக்கு அடியில் ஒரு பாஸ்வேர்ட்

முத்துராமலிங்கத்திடம் மணி என்ன என்று கேட்டால்கூட உடனே பதில் வராது. கேட்பவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். பிறகு இடது பக்கம், வலது பக்கம். அப்புறம் கைக்கடிகாரத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்தேமுக்காலாக இருக்கும்போது, "பத்தரை இருக்கும்" என்பார். அவருடைய பிறந்த நாள் எதுவென்று மனைவி மீனாக்ஷிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. அதுவும் ரேஷன் கார்டு புதுப்பிக்கப் போன இடத்தில், அதிகாரி சத்தம் போட்டுக் கேட்டதால்.

சும்மா வந்த குணமில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் பதினேழு வருஷம் மிளகுத் தரகராக இருந்தவர். அவர்கள் வட்டத்தில் விலையை வாயால் சொல்லும் வழக்கமே கிடையாது. இரண்டு கைகளின் மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரல் என்றால் இரண்டு, உள்ளங்கையைத் தொட்டால் ஐந்து. ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு தொகுதிச் சரக்குக்கு, இரண்டு பிடி: முதல் பிடி பத்துகளுக்கு, அடுத்த பிடி மிச்சத்துக்கு. சுற்றி நாற்பது பேர் நின்று கழுத்தை நீட்டினாலும் கிடைப்பது கழுத்து வலிதான்.

பிறகு மிளகு விலை கம்ப்யூட்டர் திரைக்குப் போய் எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முத்துராமலிங்கத்துக்கு விளங்கவில்லை. அப்போது மிளகுக் கம்பெனி ஒன்றில் செகரட்டரியாக இருந்த ஓமனா சேச்சி வேலையை விட்டுவிட்டு, யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் வெப்சைட் செய்துகொடுக்கும் கம்பெனி ஆரம்பித்திருந்தார். பழைய பழக்கத்தில் முத்துவைக் கூப்பிட்டுக்கொண்டார். கூரியர் அனுப்புவது, ரசீது ஒட்டுவது, கீழேயிருந்து எழும்பி வரும் சுக்குத் தூசியைக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஊதி வெளியேற்றுவது, இவைதான் முதலில் வேலை. ஊதும்போது அவரும் தும்முவார், கம்ப்யூட்டரும் ஒருமாதிரி உறுமும்.

அவர் வாழ்க்கையை மாற்றியது கூலிங் கிளாஸ் போட்ட ஒரு போட்டோ.

விபின் என்று முன்னால் ஒரு புரோகிராமர் இருந்தான். ஒரு தங்கும் விடுதிக்கு அவன் எழுதிய சைட்டில், டேட்டாபேஸின் பாஸ்வேர்டைக் கோடுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தான். அதே கோடை மாதிரிக்காக ஒரு சிடியில் போட்டு இன்னொரு வாடிக்கையாளருக்கு அனுப்பியும் விட்டான். அந்த வாடிக்கையாளரின் மச்சான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் விடுதியின் முகப்பில், காயல் படம் இருந்த இடத்தில், கூலிங் கிளாஸ் போட்ட மச்சான் நின்றார். இரண்டு நாள் நின்றார். அந்த இரண்டு நாளில்தான் விடுதிக்கு விசாரிப்புக் கடிதங்கள் அதிகம் வந்தன என்பது வேறு விஷயம்.

விபின் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனான். அடுத்து வந்தவள் மஞ்சுஷா. களமசேரியில் படித்தவள், வீட்டில் தமிழ், எழுதினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அவள் வந்த முதல் வாரமே சட்டம் போட்டாள்.

"கோடுல பேரு மட்டும்தான் இருக்கும். 'டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் கொண்டா'ன்னு கோடு கேக்கும். அது என்னங்கிறது அந்தந்த மெஷீன்ல தனியா வெச்சிருக்கணும். என்விரான்மென்ட் வேரியபிள்னு பேரு. என் மெஷீன்ல ஒண்ணு, லைவ் சர்வர்ல வேற ஒண்ணு. கோடை யாருக்கு வேணாலும் காட்டலாம், உள்ள ஒண்ணும் இருக்காது."

எல்லோரும் தலையாட்டினார்கள். முத்துராமலிங்கம் மட்டும் கூரியர் உறையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மோளே, அப்ப சாக்கு மேல பேரு மட்டும் எழுதியிருக்கும். விலை துண்டுக்குள்ள."

"ஆமாண்ணே. அப்படித்தான் வெச்சுக்கோங்க."

"துண்டு யாரு கையில?"

இதற்கு மஞ்சுஷா யோசித்திருக்கவில்லை. ஓமனா சேச்சி யோசித்தார். ஊரிலேயே வாய் திறக்காத ஆள் எதிரில் நிற்கும்போது வேறு யாரைத் தேடுவது? லைவ் சர்வரின் செட்டிங் முழுவதும் முத்துராமலிங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போனவரிடம் மீனாக்ஷி, "என்ன, மொகத்துல வெளிச்சம் அடிக்குது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார். உண்மையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

எட்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஒரே ஒரு சண்டைதான் ஓயாமல் நடந்தது. அவர் வைத்த பாஸ்வேர்ட் வெறும் எண்கள். இரண்டிரண்டு இலக்கமாக மூன்று எண். விரலால் பிடித்துப் பிடித்து மனதில் ஏற்றியிருந்தார்.

"எழுத்து வேணும், குறி வேணும்ண்ணே. இதைக் கொசுகூட கண்டுபிடிச்சிடும்."

"என் கைக்கு எழுத்து வராது."

"சரி, ஒரு காகிதத்துல எழுதி சேச்சி அலமாரியிலயாவது வையுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"எழுதி வெச்சா அதுக்குப் பேரு ரகசியமா? நோட்டீஸு."

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அப்பு சேட்டனின் பழம்பொருள் கடைக்கு சைட் தயாராயிற்று. பித்தளை உருளி, பழைய கதவு, மூக்கு உடைந்த மரக்குதிரை எல்லாவற்றையும் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டிலிருந்தே பார்த்து ஆர்டர் கொடுக்கலாம். அப்பு சேட்டன் சாமானியமாக விடுகிறவர் இல்லை. திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கம்பெனி மாடியிலேயே நிலவிளக்கு கொளுத்தி, வார்டு கவுன்சிலர் ரிப்பன் கட்டிய மவுஸை அமுக்கி, சைட்டைத் திறந்துவைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை ஓமனா சேச்சி முத்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முத்து, நீ வைக்கிறது எல்லாம் நிண்ட தலைக்குள்ள. எனக்குப் பயமா இருக்கு. திங்கக்கிழமை அந்த சைட்டு நிண்ட நம்பர் காரணம் திறக்காம நின்னா, செட்டிங் பொறுப்பு மஞ்சுஷாவுக்கு. நீ திரும்ப கூரியர். சொல்லிட்டேன்."

"நிக்காது சேச்சி."

"நாளைக்கு எங்கயும் போகாதே."

"அக்கரை வைப்பின்ல மச்சினன் வீட்டுப் பால்காய்ச்சு. காலையில போயிட்டு சாயந்தரம் வந்துருவேன்."

சாயந்தரம் வரவில்லை. மச்சினன் செம்மீன் வாங்கியிருந்தான். திங்கள் காலையில் கிளம்பலாம் என்று மீனாக்ஷி சொன்னாள், முத்துவும் சரியென்று விட்டார். திங்கள் காலையில் மீனாக்ஷியை அங்கேயே விட்டுவிட்டு அவர் மட்டும் படகுத்துறை ஜெட்டிக்கு வந்தால், படகின் விசிறியில் ஆகாயத்தாமரை வேரும் கொடியுமாகச் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. இரண்டு பேர் தண்ணீருக்குள் இறங்கிக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெட்டி முழுக்க ஜனம். அக்கரையில் ஃபோர்ட் கொச்சி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்தது.

எதற்கும் சொல்லிவைக்கலாம் என்று டெலிபோன் பூத்துக்குப் போனார். மஞ்சுஷா எடுத்தாள்.

"அண்ணே! எவிட போய் ஒளிஞ்சீங்க? சர்வர் கம்பெனிக்காரங்க நேத்து நம்ம சைட்டை வேற மெஷீனுக்கு மாத்திட்டாங்க. கோடு, படம் எல்லாம் அப்படியே வந்துருக்கு. செட்டிங் வரலை. பாஸ்வேர்ட் இருக்கிற இடம் காலி."

"எப்படி வரும்? அது கோடுல இல்லியே. கோடுல இருக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

"எனக்கே கிளாஸ் எடுக்காதீங்கண்ணே! அவங்ககிட்ட மாத்தித் தரச் சொன்னா ரெண்டு நாளாகும். நம்பரைச் சொல்லுங்க, நான் போடுறேன்."

முத்துராமலிங்கம் வாயைத் திறந்தார். அப்போது போனுக்குள்ளிருந்து இன்னொரு குரல், "ஆரு, முத்துவா? என்ன நம்பரு?" என்றது. இன்னொன்று, "லாட்டரியா?" என்றது. அலுவலகப் போனின் ரிசீவர் உடைந்து ஒரு மாதமாகிறது. ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச்சு கேட்கும். விழாவுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால், பூத் கதவில்லாத பூத். வரிசையில் பத்தொன்பது பேர். எல்லோருக்கும் காது இருந்தது.

வாயை மூடிக்கொண்டார்.

"போன்ல சொல்றதுக்கில்ல."

"முத்து." இது ஓமனா சேச்சி. "மணி ஒன்பதே முக்கால். சனிக்கிழமை நான் பறஞ்சது நினைவிருக்கா?"

"இருக்கு சேச்சி. வருது. நம்பர் வருது."

எப்படி வரும் என்று அவருக்கே தெரியவில்லை. ஜெட்டிக்குப் பக்கத்தில் சின்ன வஞ்சி ஒன்று நாலைந்து பேரை ஏற்றி அக்கரைக்குப் போய்வந்துகொண்டிருந்தது. வஞ்சிக்காரன், "கேறு சேட்டா" என்று கூப்பிட்டான். முத்து ஒரு காலைத் தூக்கினார். வஞ்சி ஆடியது. காலைத் திரும்பக் கரையில் வைத்தார். கொச்சியில் பிறந்து வளர்ந்தும் அவருக்கு நீச்சல் தெரியாது. அதை வெளியில் சொல்லாமல் நாற்பத்தொரு வருஷம் காப்பாற்றி வந்திருக்கிறார்.

"என்ன, பேடியா?" என்றான் வஞ்சிக்காரன்.

"எனக்கு என்ன பேடி! நான் முங்கினா ஒரு நம்பர் சேர்ந்து முங்கும். வேற காப்பி கிடையாது."

வஞ்சிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் மரியாதையாகத் தலையாட்டினான்.

அப்போதுதான் ராமர் கண்ணில் பட்டார். பழம்பொரியை சாயாவில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். முத்துவோடு மிளகுத் தரகில் இருந்தவர். இப்போது வைப்பினில் கரிமீன் எடுத்து மட்டாஞ்சேரி ஓட்டல்களுக்குக் கொடுக்கிறார். கூடை நிறைய மீனோடு வஞ்சிக்குத்தான் காத்திருந்தார். பதினேழு வருஷத்தில் ராமர் வாயிலிருந்து ஒரு விலை வெளியே போனதில்லை. ஒரு தடவை போலீஸ் கேட்டுக்கூடச் சொன்னதில்லை.

"ராமரே, ஒரு காரியம். மூணு லாட்டு இருக்கு. ஓமனா சேச்சி கையில குடுக்கணும். வேற யாருக்கும் தெரியக் கூடாது."

"சேச்சிக்கு இன்னும் கை நினைவிருக்கா?"

"மிளகுக் கம்பெனியில இருந்த ஆளுக்கு மறக்குமா?"

ராமர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். மீன் கையை வேட்டியில் துடைத்தார். முத்து தோள் துண்டை எடுத்து விரித்தார். இரண்டு கைகள் துண்டுக்குள் போயின. ஆறு பிடி. முடிந்தபோது ராமர் கண்ணை மூடி ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தார். "கெடச்சாச்சு" என்றார்.

இருவரும் நிமிர்ந்தபோது ஜெட்டி அமைதியாக இருந்தது. ஆகாயத்தாமரை அறுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிளகுதானே சேட்டா?" என்று ஒருவர் மெல்ல நெருங்கினார்.

முத்துராமலிங்கம் பதில் சொல்லவில்லை. அவர் எதற்கும் பதில் சொல்லாதவர். ஆனால் மிளகு விஷயத்தில் பதில் சொல்லாமல் இருப்பதைவிடப் பெரிய பதில் கிடையாது. பத்து நிமிஷத்தில் பூத் வரிசையில் மேலும் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் மட்டாஞ்சேரிக்குத்தான் போன் போட்டார்கள். "எடா, வைப்பின்ல துண்டு விரிச்சுட்டாங்க. மூணு லாட்டு. பெரிய கை" என்று ஒருவர் சொல்வது முத்துவுக்கே கேட்டது. யாரந்தப் பெரிய கை என்று ஒரு கணம் அவருக்கும் ஆர்வமாக இருந்தது.

பதினொன்றேகாலுக்குத்தான் அவருக்குப் போன் கிடைத்தது. எடுத்ததும் கேட்டது கவுன்சிலரின் குரல். சைட் திறக்காததால் பேச்சை நீட்டச் சொல்லியிருப்பார்கள் போல. தன் பள்ளிக்கூட நாட்களை முடித்துவிட்டுக் கொசு ஒழிப்புக்கு வந்திருந்தார்.

"சேச்சி, ராமர் வந்தாரா?"

"வந்தாரு. கை தந்தாரு. இப்ப சபை முழுக்க மீன் நாத்தம்." என்றார் ஓமனா சேச்சி. "மூணு தடவை அடிச்சேன் முத்து. உள்ள கேறலை."

"இன்னும் ரெண்டு தடவை தப்பா அடிச்சா பூட்டிக்கும்ண்ணே," என்றாள் மஞ்சுஷா. "அப்புறம் இன்னைக்குத் திறக்கவே திறக்காது."

முத்துராமலிங்கத்துக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. எண் மறந்துவிட்டதோ? ரிசீவரைத் தோளில் இடுக்கி, பூத்துக்குள்ளேயே துண்டால் இரண்டு கையையும் மூடிக்கொண்டு, தன் வலது கையால் தன் இடது கையைப் பிடித்துப் பார்த்தார். ஆறு பிடியும் சரியாகத்தான் வந்தது. பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தனக்குத்தானே விக்கிறாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அப்படியானால் சேச்சி கை தவறியதா? சேச்சி கை தவறாது. நடுவில் இருந்தது ராமர் மட்டும். ராமர் வாய் தவறாதவர். ராமர் கை... பூத் கண்ணாடியில் முத்துராமலிங்கம் நெற்றியில் அடித்துக்கொள்வது தெரிந்தது.

"ராமரே, அங்க இருக்கியா?"

"இருக்கேன். பாயசம் குடுத்தாங்க."

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. ஏத்துனியா?"

"எதை?"

"நான் குடுத்ததுல ஏத்துனியாடா?"

கொசு ஒழிப்பு கொஞ்ச நேரம் தனியாக ஓடியது.

"ஏத்தாம?" என்றார் ராமர். "ஒரு கையில வாங்கி இன்னொரு கையில அப்படியே குடுக்க நான் என்ன தபால்காரனா? நடுவுல நிக்கிறவன் ஏத்தித்தான் குடுப்பான். நீ ஏத்தினதில்லியா?"

"அது விலை இல்லடா! பாஸ்வேர்ட்!"

"எனக்கு என்னடா தெரியும்? லாட்டுன்னு சொன்னே, துண்டை விரிச்சே. நான் தரகனாயிட்டேன்."

"எவ்வளவு ஏத்துனே?"

"லாட்டுக்கு ரெண்டு. சேச்சி பழகின ஆளாச்சேன்னு ரெண்டோட நிறுத்தினேன்."

முத்துராமலிங்கத்துக்குக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, கழுத்தைப் பிடிக்கவும் தோன்றியது. இரண்டையும் போனில் செய்ய முடியாது. சட்டென்று இன்னொன்றும் உறைத்தது. ஏற்றியதைக் குறைக்கச் சொன்னால் போதும். எண்ணை வெளியில் சொல்ல வேண்டியதே இல்லை. ஸ்பீக்கரில் ஊரே கேட்டாலும் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது.

"சேச்சி!" என்று கத்தினார். "மூணுலயும் ரெண்டு ரெண்டா குறை!"

இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் கலவரம். இங்கே பின்னால் நின்றவர், "குறையுதா? மிளகு குறையுதா?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அங்கே நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம். விழாவுக்கு வந்திருந்த இரண்டு மிளகு வியாபாரிகள் படியில் ஓடுவதாக ராமர் நேர்முக வர்ணனை கொடுத்தார். ஓமனா சேச்சியின் விரல்கள் கீபோர்டில் ஆறு தடவை தட்டுவது மட்டும் தனியாகக் கேட்டது.

பிறகு கைதட்டல். கவுன்சிலர் கொசுவைப் பாதியில் விட்டுவிட்டு மவுஸை அமுக்கியிருக்க வேண்டும். அதற்கும் மேலே அப்பு சேட்டனின் குரல்: "அய்யோ, எண்ட உருளி! நோக்கு, எண்ட உருளி!" கடையில் தினமும் பார்க்கிற உருளிதான்.

முத்துராமலிங்கம் போனை வைத்துவிட்டு வெளியில் வந்து, பழம்பொரி இரண்டு வாங்கித் தின்றார்.

படகு இரண்டு மணிக்கு நகர்ந்தது. மூன்று மணிக்கு அவர் சுக்குக் கிடங்கின் மாடி ஏறும்போது, கூரியர் உறைகள் தன் மேஜைக்குத் திரும்ப வந்திருக்குமா என்றுதான் முதலில் பார்த்தார். வரவில்லை. ஓமனா சேச்சி எதிரில் உட்காரச் சொன்னார். மஞ்சுஷா பக்கத்தில் நின்றாள்.

"இப்ப நிண்ட நம்பர் எனக்குத் தெரியும். ராமருக்குத் தெரியும். நான் அடிக்கிறப்போ மஞ்சுஷா பார்த்தா. இனி அது ரகசியமா?"

"இல்ல சேச்சி. மாத்தணும்."

"மாத்தணும். எழுத்தும் குறியும் வெச்சு, மஞ்சுஷா சொல்ற மாதிரி. ஒரு காப்பி உறையில போட்டு என் அலமாரியில. இது முடியும்னா பொறுப்பு உனக்கு. முடியாதுன்னா சொல்லு."

பொறுப்பு உனக்கு என்ற இடத்துக்கு மேல் அவருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவை ஒரு ரகசியத்தை எழுதினார். எழுத்தை மறைக்க இடது கையை வளைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளைபோல எழுதினார். உறையில் போட்டார். பசை தடவினார். அதன்மேல் செலோடேப், அதன்மேல் கையெழுத்து. நடுவில் கொஞ்சம் சுக்குத் தூசியும் ஒட்டிக்கொண்டது.

ஓமனா சேச்சி அதை வாங்கி, ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்காமல், அலமாரியில் போட்டுப் பூட்டினார்.

"பாக்கலியா சேச்சி?"

"எனக்கு எதுக்கு? நீ இருக்கியே."

முத்துராமலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று நாலு தடவை தும்மினார். சுக்கு என்றார்.

அடுத்த மாதம் சேச்சி அவருக்கு விசிட்டிங் கார்டு அடிக்கச் சொன்னார். என்ன பதவி போடலாம் என்று மஞ்சுஷா மூன்று பெயர் எழுதிக் கொண்டுவந்தாள். மூன்றையும் அவர் கோடு போட்டு அடித்தார். என்ன வேலை என்று கார்டில் போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. போன் நம்பரையும் அடித்தார். விலாசத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும். நூறு கார்டு வந்தது. முதல் கார்டை ராமருக்குக் கொடுத்தார், அதையும் இடம் வலம் பார்த்துவிட்டு.

ராமர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பேரு மட்டும்தானேடா இருக்கு. வேற ஒண்ணுமே இல்லியே?"

"ஆமா," என்றார் முத்துராமலிங்கம். அவருக்கு அவ்வளவு பெருமை.